30 நிமிடத் தீ

இந்த செமஸ்டர் வெப்பப் பரிமாற்றப் பாடத்துக்கு ஆளுக்கொரு தலைப்பில் பேசச் சொன்னார்கள். அணு உலையில் பயன்படுத்தி முடித்த எரிபொருளை ரயிலில் கொண்டு போகும் கொள்கலன் தீயில் மாட்டினால் என்ன ஆகும் என்பதை எடுத்துக்கொண்டேன். படிக்கப் படிக்க ஒரு எண் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

சர்வதேச அணுசக்தி முகமையின் விதிப்படி இந்தக் கொள்கலன் 9 மீட்டர் உயரத்திலிருந்து கெட்டியான தளத்தில் விழ வேண்டும். 1 மீட்டரிலிருந்து ஒரு இரும்புத் தண்டின் மேலும் விழ வேண்டும். இப்படி அடி வாங்கிய பிறகு 800 டிகிரி செல்சியஸ் தீ அதை முழுக்கச் சூழ்ந்து 30 நிமிடம் எரியும். அதையும் தாங்க வேண்டும்.

ஏன் வெறும் 30? திறந்த வெளியில் கொட்டிய எண்ணெய் பரவி, சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும். ரயிலில் போகும் கொள்கலனோ 100 டன்னுக்கு மேல்; அவ்வளவு இரும்பு சூடேற நேரமாகும். அதனால் கணக்கு ஓரளவு நியாயம்தான். ஆனால் சுரங்கப்பாதையில் வெப்பம் எங்கே போகும்?

2001 ஜூலை 18 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஹோவர்ட் தெரு சுரங்கத்துக்குள் 60 பெட்டிகள் கொண்ட சரக்கு ரயிலில் 11 பெட்டிகள் தடம் புரண்டன. ட்ரைப்ரொப்பிலீன் என்ற எரிதிரவம் இருந்த டேங்கர் ஓட்டையாகித் தீப்பிடித்தது. கடும் தீ மட்டுமே சுமார் 3 மணி நேரம். மேலே தெருவில் பெரிய குடிநீர்க் குழாய் உடைந்து தண்ணீர் உள்ளே கொட்டியது. அப்படியும் சரக்குகள் நாள்கணக்கில் புகைந்தன. (பக்கத்து ஸ்டேடியத்தில் பேஸ்பால் ஆட்டம்கூட ரத்து!)

அந்த ரயிலில் அணு எரிபொருள் எதுவும் இல்லை. இருந்திருந்தால்? அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் இதைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டு 2006ல் அறிக்கை தந்தது. தீயின் உச்சம் ஏறத்தாழ 1000 டிகிரி. மூன்று வகைக் கொள்கலன்களை அதில் வைத்துப் பார்த்தார்கள். எரிபொருளிலிருந்து கதிரியக்கம் வெளியேறாது என்பதே முடிவு. ஆனால் இரண்டு வகைகளில் மூடியின் சீல் தன் வெப்ப வரம்பைத் தாண்டியது. எரிபொருள் தண்டுகளின் மேல் படிந்திருக்கும் துகள் கொஞ்சம் கசியலாம் என்றும் சொன்னார்கள். மூன்றாவதில் உள்ளே பற்றவைத்து மூடிய இன்னொரு உருளை இருந்ததால் அந்தப் பிரச்சினையே இல்லை.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. நாம் எல்லோரும் இரும்புச் சுவர் எவ்வளவு தடிமன் என்று கேட்கிறோம். முதலில் தோற்பதோ விரல் கனம்கூட இல்லாத ஒரு வளையம்!

தங்கள் யக்கா மலைக்கு இந்தக் கழிவு வருவதை எதிர்த்த நெவாடா மாநிலத்தார், தங்கள் ஆலோசகர்களைக் கொண்டு வேறு கணக்குப் போட்டார்கள். அதில் நகரத்துக்கே பெரிய பாதிப்பு என்று வந்தது. இரண்டுமே கணக்குதான். ஆணையத்தின் கணக்கு தீயின் அளவுகளை நுணுக்கமாக எடுத்துக்கொண்டது, அதனால் என் ஓட்டு அதற்கு. இருந்தாலும் சீல் விஷயத்தில் முழு நிம்மதி வரவில்லை.

கடைசியில் எனக்கு மிகவும் பிடித்த தீர்வு ரயில்வேக்காரர்களுடையது. ஒரே குகைக்குள் இரண்டு தண்டவாளம் ஓடும் சுரங்கத்தில் அணு எரிபொருள் ரயில் போகும்போது, எரிதிரவ டேங்கர் ரயில் உள்ளே நுழையக் கூடாது. ஒன்று போகும் வரை மற்றது வெளியே சிக்னலில் நிற்கும்.