கனத்த குரல்

ஏலகிரி மலையின் நிலாவூரிலிருந்து இறங்கிக் கல்லூரிக்கு வந்த முதல் வாரம். தமிழ் வகுப்பில் ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னார்கள். எழுந்து படித்தேன். "அண்டாவுக்குள்ளே இருந்து பேசுறான்டா!" என்றது கடைசி வரிசை. அன்றிலிருந்து வருகைப் பதிவின்போதுகூடக் கையை மட்டுமே உயர்த்தினேன்.

எங்கள் மலையில் திருவிழா என்றால் ஒலிபெருக்கியில் முதலில் எழுவது சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டு. பள்ளத்தில் ஏர் ஓட்டுகிறவருக்கும் சொல் சொல்லாகக் கேட்கும். குரல் கனத்தால் சொல் குழையும் என்பார்கள். அந்த வெண்கலக் குரலில் குழையாது. மேல் ஸ்தாயியில் நின்றாலும் ழகரம் ழகரமாகவே இருக்கும். 'கந்தன் கருணை'யில் (1967) நக்கீரர், 'அகத்தியர்' (1972) படத்தில் அகத்தியர் என அவர் ஏற்ற வேடங்களில் நம் நினைவில் நிற்பவை, காதலிக்காகப் பாடாத வேடங்களே.

இதை ஆங்கிலப் பேராசிரியரிடம் சொன்னேன். இத்தாலிய இசை நாடகத்திலும் இப்படித்தானாம். காதலன் வேடம் பெரும்பாலும் உச்சக்குரல்காரனுக்கு. அதற்கு அடுத்த கனத்த குரலான 'பாரிட்டோன்', தந்தைக்கும் பகைவனுக்கும். வெர்டியின் 'ரிகோலெட்டோ'வில் (1851) மகளைப் பறிகொடுக்கும் கூனனுக்கு அந்தக் குரல்தான். (சீர்காழியாரைப் பாரிட்டோன் என்று அடைத்துவிட முடியாது; அவர் எட்டிய உயரம் வேறு. வேடங்கள்தாம் ஒத்துப்போகின்றன.)

ஆண்டு விழாவுக்குக் கர்ணன் நாடகம். கர்ணன் வேடம் கேட்டேன். "தம்பி, நீ கண்ணன்" என்றார் ஐயா. தானம் கேட்டு உயிரைப் பறிக்கும் வேடமா என்று மனம் சுருங்கியது. அன்றிரவு 'கர்ணன்' (1964) படத்தை மீண்டும் பார்த்தேன். கர்ணனாகச் சிவாஜி வீழ்ந்து கிடக்க, கண்ணனாக என்.டி. ராமராவ் வருகிறார், குரல் சீர்காழியுடையது. கொல்ல வந்தவனே கர்ணனுக்காகக் கலங்குகிறான். வஞ்சகத்தையும் துயரத்தையும் ஒரே மூச்சில் சுமக்க மெல்லிய குரலால் ஆகுமா? எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வாரம், விடியலில் புங்கனூர் ஏரிக்கரையில் நின்று வசனம் சொன்னேன். குரலை ஒடுக்காமல் சொன்னேன்.

நாடகத்தன்று ஆம்பூர் தோல் தொழிற்சாலையிலிருந்து வேலை முடிந்து அப்பாவும், மலையிலிருந்து ஆயாவும் வந்திருந்தார்கள். தானம் கேட்கும் இடத்தில் கடைசி வரிசை வாய் திறக்கவில்லை. வேடம் கலைத்து வந்ததும் ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஏன் கண்ணு, அந்தப் புண்ணியவானைச் சாகடிக்கவா இவ்ளோ நல்லாப் பேசின?"