ஏற்காட்டில் எந்தச் சத்து மாத்திரை வாங்கலாம்? ஒரு நீண்ட இழை

"டாக்டர், தினமும் போடுற மாதிரி பொதுவா ஒரு சத்து மாத்திரை சொல்லுங்க."

இன்பாக்ஸில் எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். இதற்கு ஒரே மாத்திரைப் பெயரைச் சொல்லிவிட்டுப் போனால் அது ஏமாற்று வேலை. அதனால் நீளமாகவே எழுதுறேன். சாப்பிட்டு முடிச்சிட்டு நிதானமா படிங்க. கையில காப்பி மட்டும் வேண்டாம், காரணம் கீழே வருது.

எல்லா ஊருக்கும் சேர்த்துப் பேசினால் ஒண்ணும் புரியாது. ஒரு ஊரை வைத்தே சொல்றேன்: ஏற்காடு. சேர்வராயன் மலை மேலே, சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கு. ஒரு பக்கம் பங்களாக்களும் ரிசார்ட்டும். அங்கே மேஜை மேல ஒமேகா, பயோட்டின், மல்டிவைட்டமின் என்று நாலு டப்பா நிற்கும். இன்னொரு பக்கம் நாகலூர், வெள்ளக்கடை, மாரமங்கலம் மாதிரி மலைக்கிராமங்கள். காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போய் வரும் பெண்கள். சத்து மாத்திரை உண்மையிலேயே தேவைப்படுவது இவங்களுக்கு. ஆனா இவங்க காசு போவது தேவையில்லாத டப்பாவுக்கு.

நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் காட்சி இது. "ரொம்ப அசதியா இருக்குதுங்க சார், மேடு ஏறினா மூச்சு வாங்குது, ஒரு நல்ல டானிக்கா எழுதிக் குடுங்க" என்று வருவாங்க. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெளுத்துப் போயிருக்கும். பையில் ரெண்டு நாள் கூலியைக் கொடுத்து வாங்கின புரோட்டீன் பவுடர் இருக்கும். வீட்டில் நர்சம்மா இலவசமாகக் கொடுத்த சிவப்பு மாத்திரை அட்டை பிரிக்காமலே இருக்கும்.

அந்தச் சிவப்பு மாத்திரையைப் பற்றித்தான் இந்த இழையில் பாதி.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ரெண்டு பேரில் ஒருத்தருக்கு மேல. இது மாநிலச் சராசரி, பணக்கார வீடும் சேர்த்து.

மலையில் இருக்கிறவங்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல். உயரம் ஏற ஏற காற்றில் ஆக்சிஜன் குறையும். அதை ஈடுகட்ட உடம்பு ஹீமோகுளோபினைக் கூட்டி வைத்துக்கொள்ளும். அதனால் மேட்டில் வசிப்பவர்களுக்கு "நார்மல்" அளவையே கொஞ்சம் உயர்த்திப் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏற்காடு உயரத்துக்கு அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை கூடும். அப்போ கீழே சேலத்தில் ஒரு பெண்ணுக்கு 12 வந்தால் சரி. மேலே அதே 12 வந்தால் "பார்டர்ல இருக்கீங்கம்மா" என்றுதான் சொல்லணும். லேப் சீட்டு இதைச் சொல்லாது.

சரி, காப்பிக்கு வருவோம். ஏற்காட்டில் காப்பி வெள்ளைக்காரன் காலத்துப் பயிர். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது என்பார்கள். பறிக்கிறவங்க வீட்டில் அது வரக்காப்பியா ஆகி, காலையில் ஒண்ணு, சாப்பாட்டோட ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு என்று ஓடும்.

காப்பியிலும் டீயிலும் உள்ள பாலிஃபீனால்கள் சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு குடல் உறிஞ்ச விடாது. 1983-ல் வந்த ஒரு ஆய்வில், உணவோடு காப்பி குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 39 சதவீதம் குறைந்தது. டீக்கு 64 சதவீதம். இதில் எனக்குப் பிடித்த விஷயம் இனிமேதான். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி காப்பி குடித்தவர்களுக்கு எந்தக் குறைவும் இல்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தவர்களுக்கு, கூடவே குடித்த மாதிரி அதே அளவு குறைந்தது!

காப்பியை விடச் சொல்லி நான் யாரையும் கேட்க மாட்டேன். ஏற்காட்டுக்காரங்ககிட்ட அதைச் சொன்னா அடுத்த தடவை வரவே மாட்டாங்க. நேரத்தை மாத்துங்க, அவ்வளவுதான். காலையில் எழுந்ததும் காப்பி, ஒரு மணி நேரம் விட்டுச் சாப்பாடு. சாப்பிட்ட பிறகு ரெண்டு மணி நேரத்துக்குக் காப்பி, டீ கிடையாது. மாத்திரையைக் காப்பியோட முழுங்குற பழக்கம் அறவே வேண்டாம். அதுக்குப் பதில் பக்கத்தில் ஒரு கொய்யாவோ, ஆரஞ்சோ, அரை எலுமிச்சையோ. வைட்டமின் சி இரும்பை உள்ளே ஏத்திவிடும். மலையில் இதெல்லாம் காய்க்குது, ஆனா டூரிஸ்ட்டுக்குக் கூறு கட்டி வித்துட்டு வீட்டுக்கு வெறுங்கையோட போறோம்.

இலவச மாத்திரையின் கணக்கு இது. பெரிய பெண்களுக்குத் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். இரத்தசோகை வராமல் தடுக்க வாரம் ஒண்ணு. கர்ப்பமா இருந்தா நாலாவது மாசத்திலிருந்து தினம் ஒண்ணு, குறைந்தது 180 நாள், பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். வளரிளம் பிள்ளைகளுக்கு நீலம், சின்னப் பிள்ளைகளுக்கு ரோஸ் கலர், அதில் இரும்பு 45 மில்லிகிராம். ஏற்கெனவே இரத்தசோகை இருந்தால் வாரம் ஒண்ணு போதாது, டாக்டர் அளவு சொல்லுவார். ஹீமோகுளோபின் நார்மல் ஆன பிறகும் மூணு மாசம் தொடரணும், அப்போதான் உடம்பின் இருப்பு நிரம்பும். பாதியில் நிறுத்திட்டு "மாத்திரை வேலை செய்யலை" என்பவர்கள்தான் அதிகம்.

"ஆனா சார், அதைப் போட்டா வயித்தைப் பிரட்டுது, வெளிக்கு கறுப்பா போகுது, பயமா இருக்குது." நியாயம். கறுப்பாப் போவது உடம்பு எடுத்துக்கொள்ளாத மிச்ச இரும்பு, பயம் வேண்டாம். (மாத்திரை போடாமலே தார் மாதிரிப் போனால் அது வேற, உடனே வாங்க.) பிரட்டினால் ராத்திரி படுக்கும் முன் போடுங்க. இன்னொரு வழியும் இருக்கு. ஒரு இரும்பு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, ஒரு நாள் வரைக்கும் கதவை அடைத்து வைக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் ஒவ்வொரு மாத்திரையும் கூடுதலாகச் சேருது என்று 2017-ல் சுவிட்சர்லாந்தில் செய்த ஆய்வு சொன்னது. கர்ப்பிணிகள் மட்டும் இதை நீங்களா செய்யாதீங்க, கேட்டுட்டு செய்யுங்க.

மூணு மாசம் ஒழுங்கா போட்டும் அளவு ஏறவே இல்லையா? மாத்திரையைக் கூட்டாதீங்க. முதலில் கொக்கிப்புழு இருக்கா பார்க்கணும். தோட்டத்து ஈர மண்ணில் வெறுங்காலோட நடப்பவர்களுக்கு அது சகஜம், ஒரே ஒரு அல்பெண்டசோல் மாத்திரை போதும். மாதவிடாயில் இரத்தம் அதிகம் போகுதா என்று கேட்கணும், யாரும் தானாகச் சொல்ல மாட்டாங்க. அதுக்கும் மேல, தலசீமியா, அரிவாள் செல் மாதிரி பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் கோளாறு இருக்கலாம். அரிவாள் செல் என்றாலே நீலகிரிதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். எந்த மலையா இருந்தாலும், ஒரே குடும்பத்தில் நாலு பேருக்கு "இரத்தம் கம்மி" என்றால் அந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்க. அவங்களுக்கு வருஷக்கணக்கில் இரும்பு ஊட்டுவது உதவி இல்லை, சில பேருக்குக் கெடுதல்.

ரேஷன் அரிசியில் தண்ணியில் மிதக்குதே, "பிளாஸ்டிக் அரிசி" என்று வாட்ஸ்அப்பில் சுத்துமே, அது செறிவூட்டிய அரிசி. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கணக்கில் கலப்பார்கள். அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவத்திலேயே பிழிந்தது. ஒரு கிலோ ரேஷன் அரிசியில் 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்கணும் என்பது விதி. ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டால் 8 முதல் 13 மில்லிகிராம். ஒரு பெண்ணுக்குத் தினம் பரிந்துரைப்பது 29. முழுசும் கிடைக்காது, ஆனா காசில்லாமல் மூணில் ஒரு பங்கு வருது. அதைப் பொறுக்கி எடுத்துக் கோழிக்குப் போடுறவங்களை நான் பார்த்திருக்கேன். கோழி நல்லாத்தான் இருக்கு.

அடுத்தது அயோடின். இதை மாத்திரையா வாங்கவே கூடாது, உப்பில் வாங்கணும். மழை கழுவிக் கழுவி மலை மண்ணில் அயோடின் தங்காது. அதனால் கழுத்துக் கழலை பழைய காலத்திலிருந்தே மலைநாட்டு நோய். 1956-ல் இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமி குழு ஒரு பகுதிக்கு அயோடின் உப்பும் இன்னொரு பகுதிக்குச் சாதா உப்பும் கொடுத்துப் பல வருஷம் பார்த்தது. அயோடின் உப்பு போன இடத்தில் கழலை சரசரவென்று இறங்கியது. 1962-ல் தேசியத் திட்டமே வந்தது.

இப்போ நம்ம நிலைமை? 2018-19 அயோடின் கணக்கெடுப்பில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டளவில் 76 சதவீதம். தமிழ்நாட்டில் 62. தூத்துக்குடியில் உப்பு மலை மாதிரிக் குவிச்சு வச்சிருக்கிற மாநிலம் நாம! காரணம் சாதா கல்லுப்பு. குழம்புக்குக் கல்லுப்புதான் ருசி என்பீங்க, சரி, அயோடின் சேர்த்த கல்லுப்பே கிடைக்குது, பாக்கெட்டில் பார்த்து வாங்குங்க. ரேஷன் கடையில் அரசு உப்பு இருக்கு, இரும்பும் அயோடினும் சேர்த்த வகையும் உண்டு. உப்பு ஜாடியை அடுப்புப் பக்கம் திறந்து வைக்காதீங்க. ஏற்காட்டுப் பனியில் நசநசன்னு ஆகி அயோடின் போயிடும். பங்களாக்காரங்க வாங்கும் இளஞ்சிவப்பு இமயமலை உப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. கர்ப்பமா இருக்கிற பெண் வீட்டில் அது மட்டுமே இருந்தால் எனக்குக் கவலை. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு முதல் மாசங்களில் இருந்தே அயோடின் வேணும்.

வைட்டமின் டி. தோட்ட வேலைக்காரங்களுக்கு இது குறையாது, வெயிலில்தானே இருக்காங்க என்று நினைப்போம். காப்பி நிழல் பயிர். சில்வர் ஓக் மரத்தடியில், ஸ்வெட்டரும் தலைத்துண்டுமா, பாதி நாள் மூடுபனியில் வேலை. உடம்பு வலி, எலும்பு வலி இருந்தால் பரிசோதித்து, குறைந்திருந்தால் மாத்திரை எடுக்கலாம். பொதுவாக 60,000 யூனிட் வாரம் ஒண்ணு, எட்டு வாரம். வாரம் என்பதைக் கவனிங்க. அதையே தினம் ஒண்ணாப் போட்டு, வாந்தி, தீராத தாகம், குழப்பம், கிட்னி பழுது என்று ஆஸ்பத்திரியில் சேருவது நிஜமாகவே நடக்குது. இரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். எட்டு வாரம் முடிஞ்சா பழைய சீட்டைக் காட்டி மறுபடி மறுபடி வாங்காதீங்க.

கால்சியத்துக்கு ராகிக் களி இருக்கு, 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல. மலையில் விளையிற ராகியை வித்துட்டு வெள்ளை அரிசிக்கு மாறினதுதான் வம்பு. கர்ப்பிணிகளுக்குத் தரும் கால்சியம் மாத்திரையை இரும்பு மாத்திரையோட சேர்த்து முழுங்காதீங்க, ஒண்ணை ஒண்ணு தடுக்கும். ரெண்டுக்கும் நடுவே ரெண்டு மணி நேரமாவது விடுங்க.

பி12 யாருக்கு? முழு சைவம், வயசானவங்க, வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் போடும் சர்க்கரை நோயாளிகள், நாள்பட்ட அசிடிட்டி மாத்திரைக்காரங்க. காலில் எரிச்சல், மதமதப்பு இருந்தால் எல்லாத்தையும் சர்க்கரை மேல போடாமல் பி12 ஒரு தடவை பாருங்க. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம், கர்ப்பத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே ஆரம்பிக்கணும். தள்ளிப்போன பிறகு ஓடி வந்தால், குழந்தையின் தண்டுவடம் மூடும் நேரம் கிட்டத்தட்ட முடிஞ்சிருக்கும்.

"மல்டிவைட்டமின் தினம் ஒண்ணு போட்டா என்ன, நல்லதுதானே?" நல்லா சாப்பிடுகிற ஆரோக்கியமான ஆளுக்கு அது நோயைத் தடுக்கும் என்று தெளிவான ஆதாரம் இல்லை. கெடுதல் இல்லாமலும் இல்லை. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பாளர்களை வைத்துச் செய்த ஆய்வில் பீட்டா கரோட்டின் மாத்திரை போட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது, 1994-ல் வெளியானது. தடுக்கும் என்று நம்பித்தான் ஆரம்பிச்சாங்க. முடி கொட்டுது என்று போடும் பயோட்டின், தைராய்டு டெஸ்ட்டையும் மாரடைப்பு டெஸ்ட்டையும் தப்பாகக் காட்ட வைக்கும். இரத்தம் கொடுக்கும் முன் லேபில் கட்டாயம் சொல்லுங்க.

அப்புறம் டப்பாவைத் திருப்பிப் படிங்க. 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் இருக்கணும். "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும், சட்டப்படி போட்டே ஆகணும். அதே டப்பாவை "சர்க்கரை குணமாகும்" என்று விற்கிற ஆளிடம் அந்த வரியை விரல் வைத்துக் காட்டுங்க.

மலையில் இருந்து படிக்கிறவங்க முதலில் ஒரு ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுங்க, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். வீட்டில் கிடக்கும் சிவப்பு மாத்திரை அட்டையில் காலாவதி தேதி பாருங்க, சரியா இருந்தா நாளைக்கு ஆரம்பிக்கலாம். குழந்தைகள் இருக்கிற வீடுன்னா அட்டையை எட்டாத உயரத்தில் வைங்க. மிட்டாய் மாதிரி இருக்கும், சின்னப் பிள்ளை பத்து மாத்திரை தின்னுட்டால் உயிருக்கே ஆபத்து. சந்தேகம் இருந்தா மாத்திரை அட்டையோட போட்டோவை இதுக்குக் கீழே போடுங்க, நேரம் கிடைக்கிறப்போ பதில் சொல்றேன்.