புதிய ஊரின் பழைய மலை

கன்னட மொழியில் ‘ஹொச ஊரு’ என்றால் புதிய ஊர். ஓசூர் என்னும் பெயர் அவ்வாறே அமைந்தது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபின் ஊர் மெய்யாகவே புதிதாயிற்று. ஆயினும், பழைய கல்வெட்டுகள் இவ்வூரைச் செவிடபாடி என்றே குறிக்கின்றன. அந்தப் பழைய ஊரைக் காண விழையும் அன்பர்கள் தேர்ப்பேட்டையிலிருந்து கால்நடையாகப் புறப்படுதல் நன்று.

தேர்ப்பேட்டையில் முதலில் கண்ணிற்படுவது பச்சைக்குளம். ஈசன் உடும்பு உருக்கொண்டு ஓட, அன்னை தொடர்ந்து சென்று பற்றினாள். பற்றியதும் அவள் திருமேனி மரகத நிறம் பெற்றது என்று தலபுராணம் கூறுகிறது. உடும்பைப் பிடிக்க முயன்ற முத்கலர், உச்சாயனர் என்னும் முனிவர் இருவர், அன்னையின் சாபத்தால் ஊமையும் செவிடும் ஆயினர். செவிடபாடி என்னும் பெயருக்கு அடியார்கள் சொல்லும் காரணம் இதுவே.

இனி மலையேற வேண்டும். முதியோர்க்கு வண்டிப்பாதையும் உண்டு; படிவழியே செல்வோர் இடையிடையே நின்று இளைப்பாறிச் செல்லலாம். மேலே பிறைசூடிய பெருமான் சந்திரசூடேசுவரராகவும், அன்னை மரகதாம்பிகையாகவும் அருள்பாலிக்கின்றனர். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் வேண்டுதல்கள் ஒரே சந்நிதியில் ஒலிக்கின்றன. எல்லைகள் மாறியபோதும் இவ்வழக்கம் மாறவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் இராமநாதன் இப்பகுதியிலுள்ள குந்தாணியிலிருந்து ஆண்டான். 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் சீமை திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று.

மலைமேல் நின்று பார்த்தால், ஆலைக் கூரைகள் நாற்புறமும் பரந்து கிடக்கின்றன. பிழைப்பு நாடி வெளியூர்களிலிருந்து வந்தோரும் இப்பெருமானையே தம் குலதெய்வம்போல் வணங்குகின்றனர்.

அருகிலுள்ள பிரம்மமலையில் நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை காக்கவும் ஊர் காக்கவும் போரிட்டு மாண்ட வீரர்க்கு எடுக்கப்பட்ட கற்கள் இவை. இத்தகைய கற்கள் பலவற்றில் கீழ்நிலையில் போரும், நடுநிலையில் வீரனைத் தேவமகளிர் ஏந்திச் செல்வதும், மேல்நிலையில் அவன் சிவலிங்கத்தின்முன் அமர்ந்திருப்பதும் செதுக்கப்பட்டிருக்கும். பிறர்க்காக உயிர் ஈந்தவன் சேருமிடம் ஈசன் திருவடி என்பது எழுத்தறியாதாரும் படிக்கும்படி கல்லில் பொறித்த பாடம். இம்மாவட்டத்துச் சிற்றூர்களில் நடுகல்லை வேடியப்பன் என்று பொங்கலிட்டு வணங்கும் மரபு இன்றும் உண்டு.

பூசையுள்ள கல் பிழைத்திருக்கும். மறக்கப்பட்ட கல்லோ வீட்டுமனைக்கும் சாலைக்கும் இடையே மண்மூடிப் போகும். ஆதலால் ஓசூர் செல்லும் பெரியோர், பெயரக்குழந்தைகளையும் உடனழைத்துச் சென்று, சுவாமி தரிசனத்திற்குப்பின் அக்கற்களையும் காட்டி, அவற்றின் கதையைச் சொல்லி வருவார்களாக. பெயரற்ற அவ்வீரர்க்கு அதுவே நாம் செய்யும் வழிபாடு.