துப்பாக்கிக்கு ஒரு பெட்டி

குவாலியருக்கு மாற்றலாகி வந்த புதிதில் ஒரு ராத்திரி கல்யாண ஊர்வலச் சத்தம். பட்டாசு என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன். மறுநாள் எங்கள் கிளைக் காவலாளிதான் சிரித்துக்கொண்டே சொன்னார், "பட்டாசு இல்லை சாப், பந்தூக்!" 2019 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, இப்படி மற்றவர் உயிருக்கு ஆபத்தாகக் கொண்டாட்டத்தில் சுட்டால் இரண்டு வருஷம் வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆனாலும் சம்பல் பக்கத்துக்காரர்களுக்குத் துப்பாக்கி என்றால் கௌரவம். பக்கத்து சிவ்புரி மாவட்டத்தில் 2008-ல் ஆண்களைக் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வரவழைக்க, துப்பாக்கி லைசென்ஸில் முன்னுரிமை என்று ஆசை காட்டினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

எங்கள் வீட்டுக்காரரிடமும் ஒன்று உண்டு. 12 போர் டபுள் பேரல். கீழ்வீட்டுக் கூடத்தில் ஆணியில் தொங்கும். "நாம காலண்டர் மாட்டற இடத்துல இவங்க துப்பாக்கி மாட்டியிருக்காங்க" என்பாள் என் மனைவி. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் எங்கள் பெண்ணும் அவர் பேரனும் ஒளிந்து விளையாடுவது அந்தக் கூடத்தில்தான்.

2023 நவம்பர் சட்டசபைத் தேர்தலுக்காக அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். சில வாரம் வெறும் ஆணி மட்டும்தான். தேர்தல் முடிந்து திரும்பி வந்ததும் ஆன்ட்டிஜி, "இனிமே சுவத்துல வேண்டாம், ஒரு பெட்டி வாங்குங்க" என்று ஒரே பிடிவாதம்.

அவர் நேரே என்னிடம் வந்தார். "மேனேஜர் சாப், உங்க பேங்க் லாக்கர்ல வெச்சுடலாமா?"

லாக்கர் ஒப்பந்தத்திலேயே ஆயுதம், வெடிபொருள் வைக்கக்கூடாது என்று இருக்கிறது என்றேன். தவிர, நாலடி சாமான் எந்த லாக்கரில் நுழையும்? கடைசியில் பேங்க்காரனுக்குப் பெட்டி பற்றித் தெரியும் என்று ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதல் கடையில் ஹோட்டல் ரூமில் இருக்குமே, அந்த மாதிரி எண் பூட்டுப் பெட்டி. ஒரு முழம் கூட இல்லை. டபுள் பேரலைக் குழல் தனி, கட்டை தனியாகக் கழற்றலாம்தான். ஆனால் குழல் மட்டுமே இரண்டரை அடி. அது போக, மலிவான எண் பூட்டுகள் சிலவற்றை ஓங்கித் தட்டிக்கொண்டே குமிழைத் திருகினால் திறந்துகொள்ளும். அடுத்த கடையில் கண்ணாடிக் கதவு போட்ட அழகான அலமாரி. அது பூட்டு இல்லை, கண்காட்சி. கடைசியில் ஒரு ஸ்டீல் பட்டறையில் ஐந்தடி உயரத்துக்குக் கனமான தகட்டில் செய்யச் சொன்னோம். உள்ளே தோட்டாவுக்குத் தனிப் பூட்டோடு சின்ன அறை. சுவரோடு சேர்த்து போல்ட் அடித்தாகிவிட்டது. இல்லாவிட்டால் இரண்டு பேர் பெட்டியோடு தூக்கிப்போய்விடுவார்கள். மழைக்கால ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம். துணி உறை போட்டு வைக்காதீர்கள், ஈரம் பிடித்துத் துரு ஏறும் என்று பட்டறைக்காரர் சொன்னார்.

எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு வாரம் கழித்து, சாப்பிடும்போது என் பெண் சொல்கிறாள், "அப்பா, துப்பாக்கிப் பெட்டி சாவி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். பூஜை ரூம்ல, பிள்ளையாருக்குப் பின்னாடி."

ஒன்பது வயசு. எனக்குச் சோறு இறங்கவில்லை.

இருபது வருஷமாக ஸ்ட்ராங் ரூம் சாவியோடு குடித்தனம் நடத்துபவன் நான். அங்கே ஒரு ஆள் தனியாகக் கதவைத் திறக்க முடியாது. இரண்டு சாவி, இரண்டு அதிகாரி. டூப்ளிகேட் அந்தக் கிளையிலேயே இருக்காது. இவ்வளவு தெரிந்தவன், தகட்டின் கனத்தைப் பார்த்தேனே தவிர சாவியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று ராத்திரியே கீழே போய்ச் சொன்னேன். இன்னொரு பூட்டு போடுங்கள். ஒரு சாவி உங்களிடம், ஒன்று ஆன்ட்டிஜியிடம். டூப்ளிகேட் இரண்டும் லாக்கரில். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "திருடன் வந்தா ரெண்டு சாவி தேடிக்கிட்டு நிக்கணுமா?"

ஆன்ட்டிஜி அடுப்படியிலிருந்தே பதில் சொன்னார். "முப்பது வருஷத்துல திருடன் எத்தனை தடவை வந்தான்? பேரன் தினமும் வர்றான்."

மறுநாளே பட்டறை ஆள் வந்து இரண்டாவது பூட்டு போட்டுவிட்டுப் போனான்.

அடுத்த வருஷம் தீபாவளி சமயம், கீழே ஒரே கூச்சல். அவருக்கும் தம்பிக்கும் நிலத் தகராறு. நடுவில், "சாவியைக் கொடு" என்று அவர் குரல். மாடிப்படியில் நின்றுகொண்டிருந்த எனக்குக் கை நடுங்கியது. ஆன்ட்டிஜியின் குரல் நிதானமாகக் கேட்டது. "முதல்ல தண்ணி குடிங்க." கொஞ்ச நேரத்தில் தம்பியின் பைக் கிளம்பும் சத்தம்.

காலையில் டீ குடிக்க மாடிக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. ராத்திரி பற்றி ஒன்றும் பேசவில்லை. எழுந்து போகும்போது மட்டும், "ரெண்டு பூட்டு நல்ல யோசனை மேனேஜர் சாப்" என்றார்.

திருடனுக்காகத்தான் பெட்டி என்று நாங்கள் இருவருமே நினைத்துக்கொண்டிருந்தோம்.

இந்தப் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணி வருமா, கரண்ட் நிற்குமா என்று கேட்பதோடு இதையும் கேளுங்கள். துப்பாக்கி இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. சாவி யாரிடம் என்றும் கேளுங்கள். பெரியவர்களுக்குத் தெரியாவிட்டால் உங்கள் குழந்தையைக் கேளுங்கள். அதற்குத் தெரிந்திருக்கும்.