மொய் வேண்டாம் என்ற தம்பிக்கு

குளுவாங்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. மாமாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. மாலையில் லம்பாக் மலையடிவாரம் வரை நடந்துவிட்டு வருகிறார்.

உன் புதுமனை புகுவிழா அழைப்பிதழ் வந்தது. கூலாயில் சொந்த வீடு! அப்பா இருந்திருந்தால் தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார். விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்து, பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்த்து, இருட்டிய பிறகு வீடு திரும்பிச் சேர்த்த காசு அது. ஒரு வெள்ளிகூட யார் தயவிலும் வந்ததில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் அழைப்பிதழின் கடைசி வரியில் என் கண் நின்றுவிட்டது. மொய்யும் அன்பளிப்பும் வேண்டாம் என்று போட்டிருக்கிறாய். போனில் கேட்டதற்கு, “யாருக்கும் கடன்படாம நிக்கணும்க்கா, எமர்சன் சொன்ன மாதிரி” என்றாய். உன் சாப்பாட்டு நேரத்தில் பேசித் தீர்க்கிற விஷயமில்லை இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தீபாவளிக்கு வந்தபோது நீ இங்கே வைத்துவிட்டுப் போன, அந்த அமெரிக்க எழுத்தாளர் எமர்சனின் கட்டுரைப் புத்தகத்தை நானும் படித்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிதானமாக. 1841இல் வந்த தற்சார்புக் கட்டுரையில் நீ பக்கத்துக்குப் பக்கம் அடிக்கோடு போட்டிருக்கிறாய். 1844இல் வந்த இரண்டாம் தொகுதியில், பரிசுகளைப் பற்றிச் சில பக்கங்களே உள்ள ஒரு சின்னக் கட்டுரை இருக்கிறது. அங்கே உன் பென்சில் படவே இல்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த மனிதர் முழுசாகத் தெரிகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில், உன் பக்கம் இருக்கிற நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்கிக் கொடுக்கும் மோதிரமும் நகையும் பரிசாகாது, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் தப்பிக்கிற வழி என்பது அந்தக் கட்டுரையின் கருத்து. கொடுப்பவன் தன்னில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். உழவன் விளைச்சலை, கவிஞன் கவிதையை, பெண்பிள்ளை தன் கையால் தைத்த துணியை. நம் வீடுகளை நினைத்துப் பார். ஷோப்பியில் நாலு தட்டுத் தட்டினால் பெட்டி நேரே விசேஷ வீட்டு வாசலுக்கே போய்விடுகிறது. அனுப்பியவர் அந்தப் பொருளைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஸ்கூடாயில் அண்மையில் நடந்த ஒரு கல்யாணத்தில் மொய் மேசையில் ஆளே இல்லை, கியூஆர் அட்டைதான் நின்றது. போனைக் காட்டிவிட்டு எல்லாரும் நேராகப் பந்திக்குப் போனார்கள். எழுதி வாங்குகிற பெரியவர் இருந்திருந்தால், “எந்தத் தோட்டம்? யார் மகன்?” என்று இரண்டு வார்த்தை கேட்டிருப்பார். இதைப் பார்த்து வெறுத்துப்போய் நீ மொய்யே வேண்டாம் என்றால் எனக்குப் புரிகிறது.

இன்னொன்றும் புரிகிறது. தீபாவளிக்கு முன்னால் அரிசி மூட்டையும் எண்ணெய்ப் போத்தலும் கொடுத்து, வாங்குகிறவரை வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பார்களே, நம் ஆயாவும் ஒரு முறை அந்த வரிசையில் நின்றது. வீட்டுக்கு வந்து அந்த அரிசியைத் தொடவே இல்லை, பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டது. நீ அப்போது சின்னப் பையன். ஆனாலும் அதன் முகம் உன் மனசில் தங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். கொடுத்தவரை நாம் முழுசாக மன்னிப்பதில்லை என்று எமர்சன் எழுதியதைப் படித்தபோது எனக்கு ஆயாதான் ஞாபகம் வந்தது. வாங்குகிறவரைக் குனிய வைக்கிற எதுவும் பரிசில்லை. இதில் நானும் நீயும் எமர்சனும் ஒரே பக்கம்.

ஆனால் யாரிடமும் எதுவும் வாங்காமல் இருப்பதுதான் தற்சார்பு என்று நீ எடுத்துக்கொண்டாய் பார், அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த மனிதரின் வாழ்க்கையே அப்படி இல்லையே. எட்டு வயது நிறையும் முன்பே அப்பாவை இழந்தவர். அம்மா வீட்டில் ஆட்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். முதல் மனைவி எல்லன் 1831இல் காசநோயில் இறந்தார். அவர் வழிவந்த சொத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 டாலர் வந்தது. பாதிரியார் வேலையை விட்ட மனிதர் கவலையில்லாமல் எழுத அந்தப் பணம் பெரிய துணை. அவருடைய சீடர் தோரோ 1845இல் வால்டன் குளக்கரையில் தன் கையால் வீடு கட்டித் தனியாக இருந்தார் என்று நீ அடிக்கடி சொல்வாய். 28 டாலரும் சில்லறையும்தான் செலவு என்று கணக்கும் சொல்வாய். அந்த நிலம் யாருடையது? எமர்சனுடையது. மரம் வெட்டின கோடரி இரவல். சட்டம் தூக்கி நிறுத்தச் சிநேகிதர்கள் வந்தார்கள். கோடரி இரவல் என்பதையும் சிநேகிதர்கள் வந்ததையும் தோரோ மறைக்கவில்லை, தன் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார். கோடரியை வாங்கினபோது இருந்ததைவிடக் கூர்மையாகத் திருப்பிக் கொடுத்தேன் என்றும் எழுதியிருக்கிறார்.

அந்த இடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அப்பாவின் மொய் நோட்டைத் தேடி எடுத்தேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்த 555 நோட்டு. சட்டைப்பையில் அடங்குகிற அளவு. என் கல்யாணத்துக்கு வந்த மொய் முழுக்க அதில் இருக்கிறது. பென்சில் எழுத்து மங்கிவிட்டது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. எல்லாம் வெள்ளிக் கணக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு பக்கத்தில் “கோழி 1” என்று இருக்கிறது. “தேங்காய் 20” என்று இருக்கிறது. இன்னொரு பக்கத்தில், மேட்டு லயத்துக்காரர் ஒருவர் பேருக்கு எதிரே “பந்தல், 2 நாள்” என்று அப்பா எழுதியிருக்கிறார். காலையில் பால்மரம் வெட்டிவிட்டு வந்து, மத்தியானம் மூங்கில் நட்டு நமக்குப் பந்தல் போட்டவர். கையில் காசில்லை, உடம்பைக் கொடுத்தார். அப்பா அதை மொய்யாக மதித்து எழுதி வைத்திருக்கிறார். பின்னால் அவர் வீட்டு விசேஷத்தில் அப்பா என்ன செய்தார் என்பது அதே வரியில் வேறு பேனாவில் இருக்கிறது: “தண்ணி தூக்கினது, 3 நாள்.” இரண்டுக்கு மூன்று. மற்ற வரிகளிலும் அப்படித்தான். ஐந்து வாங்கின இடத்தில் ஆறு, பத்து வாங்கின இடத்தில் பதினொன்று. கணக்கு சரியாகிவிட்டால் போக்குவரத்து முடிந்துவிடும் என்று பெரியவர்கள் ஒன்றைக் கூடுதலாக வைத்தார்கள். தோரோவின் கோடரிக்கும் அப்பாவின் நோட்டுக்கும் என்ன வித்தியாசம், சொல்!

எமர்சனோடு எனக்குச் சண்டையே இருக்கிற ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். தற்சார்புக் கட்டுரையில், ஊரார் வசூலிக்கிற பொதுத் தருமங்களுக்குத் தான் கொடுக்கிற டாலரை நினைத்து வெட்கப்படுவதாக எழுதுகிறார். ஒருநாள் அதை மறுக்கிற தைரியம் வரும் என்கிறார். நீ அங்கே இரட்டைக் கோடு போட்டிருக்கிறாய். தம்பி, நம் சனங்களின் கதையே அந்த ஒரு வெள்ளியில்தான் இருக்கிறது. 1950களில், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை தொடங்குகிற பேச்சு வந்தது. சமஸ்கிருதத்துக்கு முதலிடம் என்ற யோசனை எழுந்தபோது, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக எழுந்து நின்றார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் யார்? தோட்டத்தில் பால் வெட்டினவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்கள். தங்கள் பிள்ளை அந்தப் பல்கலைக்கழக வாசலை மிதிக்கும் என்ற நிச்சயம்கூட அவர்களுக்கு இல்லை. 1956இல் துறை வந்தது, தமிழும் நின்றது. பிறகு துறை கோலாலம்பூருக்கு மாறியது. தனிநாயகம் அடிகள் அதற்குத் தலைமை ஏற்க வந்தார். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. நான் தமிழ்ப்பள்ளியில் அத்தனை ஆண்டு சாக்பீஸ் பிடித்துச் சம்பளம் வாங்கினேனே, அதிலும் அந்த ஒரு வெள்ளிக்காரர்களின் பங்கு இருக்கிறது.

அடுத்தது அப்பா பங்கு வாங்கின கதை. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போக ஆரம்பித்தன. லயத்து வீட்டை நம்பியிருந்த சனம் நடுத்தெருவுக்கு வருகிற நிலை. துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகச் சேருங்கள், விற்கிற தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று சொன்னார். அப்பாவும் அப்படித்தான் சேர்ந்தார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் தொழிலாளிகளின் சங்கத்தின் பேருக்கு வந்தது. பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்துவிட்டு வேலைக்குப் போன கூட்டம், ஒரு தோட்டத்துக்கு உடைமைக்காரர் ஆனது! இதைவிடப் பெரிய தற்சார்பை எந்தப் புத்தகத்தில் காட்டுவாய்? அதில் ஒருவர்கூடத் தனியாக நிற்கவில்லை. நியாயமாகச் சொல்வதானால், மனத்தால் தன்னைச் சேர்ந்தவர்களுக்காகச் சிறைக்குப் போகவும் தயார் என்று எமர்சன் அதே பத்தியில் எழுதியிருக்கிறார். அப்படியானால் கேள்வி ஒன்றுதான்: நம்மைச் சேர்ந்தவர்கள் யார்? உன் அழைப்பிதழ் போயிருக்கிற வீடுகளை ஒருதடவை எண்ணிப் பார்.

எமர்சனுடைய கடைசிக் காலத்துக் கதை ஒன்று உனக்குத் தெரியாதிருக்கலாம். 1872 ஜூலையில், காங்கர்டு ஊரில் அவருடைய வீடு தீப்பிடித்தது. அப்போது அவருக்கு 69 வயது, ஞாபகமும் தளர ஆரம்பித்திருந்தது. அக்கம்பக்கத்தார் ஓடிவந்து புத்தகங்களையும் கையெழுத்துத் தாள்களையும் வெளியே சேர்த்தார்கள். நண்பர்கள் ஆயிரக்கணக்கான டாலர் திரட்டி நீட்டினார்கள். இத்தனை காலம் தன் காலிலேயே நின்றவன் இதை எப்படி வாங்குவேன் என்று தயங்கினார். பிறகு வாங்கிக்கொண்டார். மகளை அழைத்துக்கொண்டு ஐரோப்பாவுக்கும் எகிப்துக்கும் போனார். 1873 மே மாதம் திரும்பி வந்து ரயிலில் இறங்கினால், ஊரில் மணி அடிக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், பழைய வீடு இருந்தபடியே மறுபடி எழுந்து நிற்கிறது. தற்சார்பைப் பற்றி அவர் எழுதினதில் ஓர் எழுத்தும் இதனால் குறையவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். தனக்கென்று ஒரு நிலை உள்ளவன், அன்பாக நீட்டுகிறதைக் குனியாமல் வாங்கலாம்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். கவர் வேண்டாம், கடைப் பெட்டி வேண்டாம் என்பது சரி. ஆனால் அன்பளிப்பே வேண்டாம் என்ற வரியை எடுத்துவிடு. அவரவர் கையால் ஆனதைக் கொண்டு வாருங்கள் என்று போடு. சிகாமட் பெரியப்பா ஓய்வு பெற்ற பிறகும் ஒயரிங் வேலையில் கெட்டிக்காரர். உன் வீட்டில் ஒரு விளக்காவது அவர் கையால் மாட்டட்டும், அவருக்கு அது பெரிய விஷயம். சித்தி முறுக்குச் சுட்டுக்கொண்டு வரும். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் கேத்துப்பாட் பின்னிக் கொடுப்பதாகச் சொன்னார்கள் என்றாயே, அவரிடம் எந்த வாயால் வேண்டாம் என்பாய்? உன் பாப்பாவுக்கு வரைய வரும். வருகிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னப் படம் வரைந்து கொடுக்கச் சொல், அது அவளுடைய பங்கு. யார் என்ன கொடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வை. அப்பா மாதிரி வேலையையும் எழுது.

நான் என்ன கொண்டுவருகிறேன் என்று கேட்பாய். நம் தோட்டத்து லயத்தில் அம்மா வைத்த முருங்கையை, செம்பனை நட லயத்தை இடித்தபோது, ஒரு போத்து வெட்டி இங்கே கொண்டுவந்து ஊன்றினேன். இப்போது ஓட்டைத் தொடுகிறது. அதிலிருந்து கைத்தடிமன் உள்ள போத்தாகப் பார்த்து மூன்று வெட்டி, நுனியில் சாணம் அப்பி நிழலில் வைத்திருக்கிறேன். வாசல் பக்கம் வேண்டாம், வேர் சிமெண்டைத் தூக்கும். பின்பக்கம் தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து இரண்டடி ஆழத்தில் குழி எடுத்து வை. குழி வெட்ட ஆள் கூப்பிடாதே, நீயே வெட்டு.

சனிக்கிழமை காலையிலேயே நானும் மாமாவும் காரில் கிளம்பிவிடுவோம். பொங்கல் வைக்கிற பானை என்னிடம் இருக்கிறது, நீ புதுசு வாங்க வேண்டாம். வீட்டிலும் சொல்லிவிடு.

அன்புடன்,
அக்கா