அறிக்கையை எழுதியவர் யார்?



எங்கள் பள்ளிக் கோப்பு ஒன்றில் என் கையெழுத்துடன் ஓர் அறிக்கை இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், மழை பெய்த ஒரு காலையில், நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் நடைபாதையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். அன்று பணியில் இருந்த ஆசிரியர் நான்தான். அறிக்கை எழுதும் பொறுப்பும் என்னிடமே வந்தது. 'ஓடக்கூடாது என்ற விதியை மீறி மாணவன் ஓடினான். தரை ஈரமாக இருந்தது' என்று எழுதினேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால், "மணி அடித்துவிட்டது, சீக்கிரம் வா!" என்று அவனை அழைத்தவள் நான் என்பதை எழுதவில்லை. அவன் தாயார், "இவன் எப்பவுமே இப்படித்தான் டீச்சர், மன்னிச்சிடுங்க" என்றார். நானும் தலையசைத்தேன்.

அண்மையில் எரபஸ் மலை விமான விபத்தைப் பற்றி வாசித்தபோது அந்தத் தலையசைப்பு என்னை உறுத்தியது.

1979 நவம்பர் 28 அன்று, அண்டார்க்டிகாவைச் சுற்றிக்காட்டுவதற்காக ஆக்லாந்திலிருந்து புறப்பட்ட ஏர் நியூசிலாந்து விமானம் எரபஸ் மலைச்சரிவில் மோதியது. அதிலிருந்த 257 பேரும் மாண்டனர். தலைமைப் புலனாய்வாளர் ரான் சிப்பின்டேல் 1980-இல் வெளியிட்ட அறிக்கை, தாழப் பறந்த விமானியின் முடிவையே முதன்மைக் காரணமாகச் சுட்டியது. அவரது அலுவலகம் போக்குவரத்து அமைச்சின்கீழ் இருந்தது. விமானப் போக்குவரத்தைக் கண்காணித்த பிரிவும் அதே அமைச்சில்தான் இருந்தது. விமான நிறுவனமோ அரசுக்குச் சொந்தம். சிப்பின்டேல் நேர்மையற்றவர் என்று நான் கூறவில்லை. அவர் அமர்ந்திருந்த நாற்காலியைத்தான் கூறுகிறேன்.

நீதிபதி பீட்டர் மாஹன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 1981-இல் வேறொன்றைக் கண்டது. விமானம் புறப்படுவதற்குச் சில மணி நேரத்திற்கு முன், நிறுவனத்தினர் கணினியில் பயணப்பாதையின் ஆயங்களை மாற்றியிருந்தனர். கடற்பகுதியின்மேல் செல்ல வேண்டிய பாதை மலையை நோக்கித் திரும்பிவிட்டது. விமானி ஜிம் காலின்ஸுக்கு அதை எவரும் தெரிவிக்கவில்லை. பனித்தரையும் மேகமும் ஒரே வெண்மையாய்க் கலந்திருந்ததால், எதிரே மலை இருப்பதே தெரியவில்லை. ஆயங்கள் மாறியதை முதல் அறிக்கையும் குறிப்பிட்டிருந்தது. எதை முன்னே வைப்பது, எதைப் பின்னே வைப்பது என்பதில்தான் வேறுபாடு. (நிறுவன அதிகாரிகள் உண்மையை மறைக்கக் கூடிச் செயற்பட்டனர் என்று மாஹன் கூறியது முறையான வாய்ப்பளிக்காமல் கூறப்பட்டது என 1983-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. விபத்தின் காரணம் குறித்த அவரது முடிவு அங்கு விசாரணைக்கு வரவில்லை.) நியூசிலாந்தில் தனி விசாரணை ஆணையம் 1990-இல்தான் அமைந்தது. அரசின் மன்னிப்பு 2019-இல் வந்தது. தந்தையரின் பெயரில் பழி நின்ற வீடுகளில் பிள்ளைகள் அதற்குள் நடுவயதை எட்டியிருந்தனர்.

நம் நாட்டையும் எண்ணிப் பார்க்கிறேன். எம்எச்370 குறித்த 2018 அறிக்கையைத் தயாரித்த குழுவின் தலைவர், முன்பு பொது விமானப் போக்குவரத்துத் துறைக்கே தலைமை இயக்குநராக இருந்தவர். அந்த அறிக்கை அத்துறையின் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் குறைகளை மறைக்காமல் எடுத்துரைத்தது, அதைப் பாராட்டுகிறேன். எனினும், அவ்வாறு எழுத ஒருவருக்கு எவ்வளவு மனத்திடம் வேண்டியிருக்கும்! ஒரு மணிக்கட்டு முறிவுக்கே எனக்கு அது வாய்க்கவில்லையே.

சென்ற மாதம் தலைமையாசிரியரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன்: பணியில் இருந்த ஆசிரியரே இனி விபத்து அறிக்கையை எழுத வேண்டாம்; வேறொருவர் எழுதட்டும்; பிள்ளையிடமும் கேட்டு எழுதட்டும். "ஏன் டீச்சர் திடீரென்று?" என்றார். காரணத்தைக் கூறினேன். சற்று நேரம் பேசாமலிருந்து, பிறகு ஒப்புக்கொண்டார்.

அந்த மாணவன் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். அவன் தாயாரிடம் இன்னும் நான் கூறவில்லை. இந்தப் பக்கத்தைப் படிக்கும் பெற்றோருள் அவரும் ஒருவர் என்பதை அறிவேன். அம்மா, அன்று ஓடச் சொன்னது நான்தான்.