இருபது வயதின் கையில் ஒரு வரைபடம்

அமெரிக்கக் கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்கும் தமிழ்ப் பெற்றோரைத் திகைக்கவைக்கும் வழக்கம் ஒன்று இங்கே உண்டு. வகுப்பு தொடங்கும் முன்பே முதலாண்டு மாணவர்கள் முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு சில நாள் காட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அழைத்துப்போவது பேராசிரியர்கள் அல்லர், ஓரிரு வயது மூத்த மாணவர்கள். நியூ ஹாம்ப்ஷயரின் டார்ட்மத் கல்லூரியில் 1935 முதல் இது நடக்கிறது. அங்குள்ள மலையேற்றக் கழகத்தை 1909-இல் தொடங்கிய ஃப்ரெட் ஹாரிஸும் மாணவர்தான். கார்னெல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்கள் 1970-களில் இதே வழிக்கு வந்தன. 'இருபது வயதுப் பையனை நம்பியா என் பிள்ளையை அனுப்புவது?' என்று பெற்றோர் கேட்பது நியாயம். ஆனால் அந்தப் பையன் எப்படித் தயாராகிறான் என்று பார்த்தால், பாட்டு, கணக்கு, நீச்சல் என எல்லா வகுப்புக்கும் காரோட்டிக் கூட்டிப்போன நாம், நம் பிள்ளைகளுக்குத் தராமல் விட்ட ஒன்று தெரியவரும். பிறருக்காக ஒரு முடிவெடுத்து, அதற்குத் தானே பதில் சொல்லும் வாய்ப்பு அது.

இந்தப் பயிற்சிக்கு அமெரிக்காவில் உருக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் பால் பெட்ஸோல்ட். 1924-இல், பதினாறு வயதில், கௌபாய் பூட்ஸோடு கிராண்ட் டீட்டன் சிகரத்தில் ஏறி, உயிர்பிழைத்ததே பெரிதென்று இறங்கியவர். 1938-இல் கே2 சிகரத்துக்குப் போன அமெரிக்கக் குழுவிலும் இருந்தார். 1965-இல் வயோமிங் மாநிலத்தின் லாண்டரில் அவர் தொடங்கிய தேசிய வெளிப்புறத் தலைமைப் பள்ளி, கயிறு கட்டுவதையும் கூடாரம் அடிப்பதையும் தாண்டி, நிதானித்து முடிவெடுப்பதைப் பாடமாக்கியது. வழிமுறை எளியது: தினம் ஒரு மாணவர் அன்றைய தலைவர். பிற்பகல் ஒரு மணி, மேற்கே மேகம் கறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணவாய்க்கு இன்னும் ஒரு மணி நேர நடை. வரைபடத்தில் உயரக்கோடுகள் நெருங்கிக் கிடக்கின்றன, அதாவது ஏற்றம் செங்குத்து. ஒருத்திக்குக் குதிகாலில் கொப்புளம். சொல்லக் கூச்சப்பட்டுப் பின்தங்குகிறாள். இன்னொருவன் 'ஏறிவிடலாம்' என்று அவசரப்படுத்துகிறான். பயிற்றுநர் பத்தடி தள்ளி நிற்கிறார்; உயிருக்கு ஆபத்து என்றாலொழிய வாய் திறக்கமாட்டார். முடிவு அன்றைய தலைவருடையது. இரவு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்ததும் விசாரணை தொடங்கும்: கொப்புளத்தை எப்போது கவனித்தாய்? காலையிலேயே ஏன் கேட்கவில்லை? திரும்ப வேண்டிய நேரம் எதுவென்று முன்கூட்டியே குறித்தாயா?

இந்த இரவுப் பேச்சில்தான் பயிற்சியின் சாரம் இருக்கிறது. தேர்வில் செய்த தவறு மதிப்பெண்ணோடு போய்விடும். அலுவலகத்தில் எடுத்த முடிவின் விளைவு வந்துசேர மாதங்களாகும், அதைச் சுமப்பவரும் பெரும்பாலும் வேறு ஆள். மலையில் காலையில் செய்த கவனக்குறைவு மாலைக்குள் வாசலில் வந்து நிற்கும், அதுவும் கூடச் சாப்பிடுகிற நண்பரின் காலில். சம வயதினருக்குத் தலைமை தாங்குவதால், பதவியைக் காட்டிக் கீழ்ப்படிய வைக்கவும் முடியாது. விளைவு உடனே திரும்பி வருவதும், அதிகாரம் கையில் இல்லாததும் ஒருசேர அமைவது கல்லூரி வயதில்தான் எளிது. சான்றிதழ்களும் உண்டு. காட்டு முதலுதவிக்கான முழுப் பயிற்சி 70 முதல் 80 மணி நேரம். நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளிக் கூடாரம் அடிக்க வேண்டும் என்பது போன்ற காட்டு ஒழுக்கமும் பாடம்தான். ஆனால் சான்றிதழ் மட்டும் போதும் என்று இந்தத் துறை நம்புவதில்லை. பிரிட்டனின் மலைத் தலைவர் தகுதிக்குப் பயிற்சியில் சேரும் முன் குறைந்தது 20 நாள், இறுதி மதிப்பீட்டுக்குள் 40 நாள் மலையில் நடந்ததற்குக் குறிப்பேடு காட்ட வேண்டும்.

'செத்துப்போனால் என்ன செய்வது?' என்பதுதான் வலுவான மறுப்பு. அதை மழுப்பக் கூடாது. 1971 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் பீடபூமியில் எடின்பரோ பள்ளி மாணவர்கள் ஐவரும் பதினெட்டு வயது உதவியாளர் ஒருவரும் பனிப்புயலில் இறந்தார்கள். அந்தக் குழுவை நடத்தியவர் இருபது வயதுக் கல்லூரி மாணவி. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஆண்டு பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் வேறொரு முடிவுக்கு வந்தது: 1920-இல் தொடங்கிய தன் மாணவர் மலையேற்றக் கழகம் காட்டுப் பயணங்களை நடத்துவது மிகுந்த ஆபத்து என்று அவற்றை நிறுத்தியது. பூட்டுப் போட்டால் கழகத்தின் பெயரில் விபத்து நடக்காது, உண்மைதான். ஆனால் இளைஞர்கள் மலைக்குப் போவது நிற்காது. பயிற்சி பெற்ற ஒருவர் கூட இல்லாமல் போவார்கள். கெய்ர்ன்கார்ம் சொல்லும் பாடம் இளைஞர் கையில் பொறுப்பே தரக்கூடாது என்பதன்று. படிப்படியாக, திருத்த ஆள் பக்கத்தில் இருக்கும்போதே தர வேண்டும் என்பது.

இன்னொரு மறுப்பு நம் வீடுகளுக்கே உரியது: இது வசதியான வெள்ளையரின் பொழுதுபோக்கு, பிழைக்க வந்த நமக்கெதற்கு? இதில் பாதி உண்மை. அமெரிக்கக் காடுகளில் நடப்போரில் கறுப்பினத்தவர் குறைவு என்பதைக் கண்டுதான் ரூ மாப் என்பவர் 2009-இல் 'அவுட்டோர் ஆஃப்ரோ' அமைப்பைத் தொடங்கி, தலைவர்களுக்குப் பயிற்சி தந்தார். ஆனால் காட்டில் வழிநடத்துவது வெள்ளையர் கண்டுபிடித்த கலையன்று. தமிழ்நாடு வனத்துறை 2024-இல் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தபோது வழிகாட்டிகளாகப் பயிற்சி தந்தது, அந்தந்த மலைகளில் வாழும் பழங்குடியினர் உள்ளிட்ட இளைஞர்களுக்குத்தான். காட்டை அறிந்தவர்கள் நம்மிடம் எப்போதும் இருந்தார்கள்; அந்த அறிவை ஒரு தகுதியாக மதிக்கத்தான் காலமாயிற்று.

ஆகவே பிள்ளை 'நான் பயணத் தலைவர் பயிற்சிக்குப் போகிறேன்' என்றால், கேட்க வேண்டியவை வேறு. முதலுதவிப் பயிற்சி எத்தனை மணி நேரம்? துணைத் தலைவராக எத்தனை நாள்? 'திரும்பலாம்' என்று நீ சொன்னால் அந்தக் குழு திரும்புமா? பதில் திருப்தியாக இருந்தால் வழிவிடலாம். எப்படியும், பதினெட்டு நிறைந்த மாணவரின் சம்மதப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து இங்கே பெரும்பாலான மாநிலங்களில் சட்டப்படி தேவையில்லை.